உடம்பே களம்: பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலைஞர் தன் உடம்பையே வைத்து நிகழ்த்தும் கலைதான் பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட். அதன் பதிவுகளைப் போட்டுக் காட்டிவிட்டு உட்கார்ந்து பேசும் சின்னக் கூட்டங்களை நடத்தி வருகிறேன். வருகிறவர்களில் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் பாதி, நாடகக்காரர்கள் கொஞ்சம், "சும்மா என்னன்னு பாக்க வந்தேன்" என்பவர்கள் மீதி. இடம் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அக்கா, இது நாடகம்தானே? எதுக்குத் தனிப் பேரு?

நாடகத்தில் நடிகர் இன்னொருவராக வருகிறார். கத்திக் குத்து விழுந்தால் குங்குமத் தண்ணீர் வழியும். திரை விழுந்ததும் செத்தவர் எழுந்துபோய் டீ குடிப்பார். பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்டில் வேஷம் பெரும்பாலும் இருக்காது. செய்கிறவர் அவராகவே வருகிறார். வலித்தால் அவருக்குத்தான் வலிக்கிறது. 1971 நவம்பர் 19 அன்று கலிஃபோர்னியாவில் சான்டா அனா என்ற ஊரில் கிறிஸ் பர்டன் என்ற இளைஞர் தன் இடது கையில் சுடும்படி ஒரு நண்பரிடம் .22 ரைஃபிளைக் கொடுத்தார். தோலை உரசிக்கொண்டு போயிருக்க வேண்டிய குண்டு கையைத் துளைத்துவிட்டது. வியட்நாம் போரில் சுடப்பட்டவர்களை வீட்டுத் தொலைக்காட்சியில் அமெரிக்கர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. நாடகத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்களும் உண்டு, இங்கிருந்து அங்கே போனவர்களும் உண்டு. 'இங்கே எது நிஜம்?' என்று கேட்டுப் பாருங்கள். உடம்பு, நேரம், ஆபத்து என்று பதில் வந்தால் பெரும்பாலும் நாம் பேசும் விஷயம்தான்.

சொல்லணும்னா ஓவியம் வரையலாம், சிலை செய்யலாம். உடம்பை ஏன் இழுக்கணும்?

டெஹ்சிங் ஷியே கதையைச் சொன்னால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். தைவான்காரர். 1974இல் கப்பல் வேலையாளாக அமெரிக்கா வந்தவர், ஃபிலடெல்ஃபியா அருகே கப்பலிலிருந்து நழுவி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கையில் ஆவணம் இல்லை, ஆங்கிலம் போதாது, ஓட்டலில் பாத்திரம் கழுவும் பிழைப்பு. 1980 ஏப்ரலில் தன் அறையில் தொழிற்சாலை வருகைப்பதிவுக் கடிகாரம் ஒன்றை மாட்டினார். மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஓராண்டு முழுக்க அதில் அட்டை குத்தினார். மொத்தம் 8,760 மணி. தவறவிட்டது 133. ஒவ்வொரு முறையும் தன்னை ஒரு ஃபிரேம் படமெடுத்தார். ஆரம்பத்தில் மழித்திருந்த தலை, ஆறு நிமிடச் சொச்சம் ஓடும் படத்தின் முடிவில் தோள்வரை வளர்ந்து கிடக்கும்.

அடுத்த ஆண்டு கூரைக்குக் கீழே நுழைய மாட்டேன் என்று ஓராண்டு நியூயார்க் தெருவில் வாழ்ந்தார். போலீஸ் பிடித்துக் கட்டடத்துக்குள் இழுத்துப் போனபோது அவர் கதறியது பதிவாகியிருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அந்த நாட்டில் இல்லாதவர் அவர். 'இதோ இருக்கிறேன்' என்று மணிக்கு மணி சாட்சி சொல்ல அவரிடம் உடம்பைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. இதையே ஓவியமாக வரைந்திருந்தால் அந்த ஓராண்டுத் தூக்கமின்மையை யார் நம்பியிருப்பார்கள்?

நம்ம ஊர்ல அலகு குத்துறாங்க, தீ மிதிக்கிறாங்க. இவங்க அதைவிட என்ன பெருசா செஞ்சுட்டாங்க?

பெரிதாக ஒன்றும் இல்லை. தாங்கும் சக்தியை வைத்துப் போட்டி போட்டால் நம் காவடிக்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. அலகு குத்துகிறவருக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, காப்புக் கட்டி விரதம் இருந்த நாட்கள் இருக்கின்றன. பக்கத்தில் அரோகரா போடும் சனத்துக்கு அதன் பொருள் முன்னமே தெரியும். வலியை ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது.

பெர்ஃபார்மன்ஸ் கலைஞருக்கு அந்த வசதி கிடையாது. பொருளை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை. பார்க்கிறவர் சிரிக்கலாம், எழுந்து போகலாம், போலீஸைக் கூப்பிடலாம். அந்த உத்தரவாதமின்மையைத்தான் அவர் தேடி வருகிறார். ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தும் பேச்சு எனக்கு ஒப்புதல் இல்லை. தீமிதியை 'நம் ஊர் பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்' என்று கட்டுரை எழுதுகிறவர்களைக் கண்டாலும் கொஞ்சம் எரிச்சல் வரும். பூசாரியிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

யோகோ ஓனோ மேடையில உக்காந்து டிரெஸ்ஸை வெட்டச் சொன்னாங்களாமே, அதுல என்ன இருக்கு?

ஜப்பானியக் கலைஞர் ஓனோவின் அந்த நிகழ்வுக்கு 'கட் பீஸ்' என்று பெயர். முதலில் 1964இல் ஜப்பானின் கியோத்தோவில், அடுத்த ஆண்டு நியூயார்க்கின் கார்னகி ரெசைட்டல் ஹாலில். நல்ல உடையாகப் போட்டுக்கொண்டு மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்தார், முன்னால் ஒரு கத்தரிக்கோல். ஒவ்வொருவராக வந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போகலாம். நியூயார்க் படப்பதிவைப் பாருங்கள். முதலில் வருகிறவர்கள் கூச்சத்தோடு ஓரத்தில் கொஞ்சமாக நறுக்குகிறார்கள். நேரம் போகப்போகத் துணிச்சல் வருகிறது. ஒரு இளைஞர் ஆற அமர உள்ளாடையின் பட்டையை வெட்டுகிறார். ஓனோ கையால் மார்பைப் பொத்திக்கொள்கிறார். அந்த ஒரு சின்ன அசைவு போதும்.

அவர் எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். செய்தவர்கள் எல்லாரும் பார்வையாளர்கள்.

வாட்ஸ்அப்ல ஒரு கதை சுத்துது. ஒரு பொண்ணு ஆறு மணி நேரம் அசையாம நின்னாங்களாம், ஜனங்க துப்பாக்கியே வெச்சாங்களாம். நிஜமா?

நிஜம். மரினா அப்ரமோவிச் என்ற கலைஞர், 1974, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு காட்சிக்கூடம். மேசையில் 72 பொருள்கள்: ரோஜா, தேன், இறகு, கத்தரி, சவரக்கத்தி, ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டா. 'நான் ஒரு பொருள். இவற்றை என்மேல் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பொறுப்பு என்னுடையது' என்று எழுதி வைத்துவிட்டு நின்றார். உடைகள் கிழிந்தன, தோல் கீறப்பட்டது, தோட்டா போட்ட துப்பாக்கியை ஒருவர் அவர் கையிலேயே கொடுத்து அவர்மீதே திருப்பி வைத்தார். ஆறு மணி நேரம் முடிந்து அவர் நடக்கத் தொடங்கியதும் கூட்டம் கலைந்தோடியது.

ஆனால் வாட்ஸ்அப் கதையின் கடைசியில் 'மனிதன் இயல்பிலேயே மிருகம்' என்று ஒரு நீதி ஒட்டியிருக்குமே, அதை நம்பாதீர்கள். துப்பாக்கி வந்ததும் குறுக்கே புகுந்து அதைப் பிடுங்கியவர்களும் அதே கூட்டத்தில் இருந்தார்கள். கண்ணீரைத் துடைத்துவிட்டவர்களும் இருந்தார்கள். என்ன செய்தாலும் கேள்வி கிடையாது என்று எழுதி வைத்த இடத்தில், 1974இல், ஓர் இளம்பெண்ணின் உடம்பு முன்னால் நின்றால் என்ன நடக்கிறது என்பதைத்தான் அது காட்டியது. மனித குலத்துக்கே தீர்ப்பு எழுத அது போதாது.

அடையாளம் அடையாளம்னு சொல்றீங்க. உடம்புல அது எங்க இருக்கு?

பார்க்கிறவர் கண்ணில் பாதி இருக்கிறது. ஏட்ரியன் பைப்பர் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பார்ப்பதற்கு வெள்ளைக்காரர்போல இருப்பார். அவர் வெள்ளைக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டு விருந்துகளில் பக்கத்திலிருப்பவர்கள் கறுப்பினத்தவரை இழிவாகப் பேசுவார்கள். 1986இலிருந்து அவர் விசிட்டிங் கார்டுபோல ஓர் அட்டை அடித்து வைத்துக்கொண்டார். நான் கறுப்பினப் பெண், நீங்கள் அப்படிப் பேசியபோது இது உங்களுக்குத் தெரிந்திருக்காது என்ற பொருளில் மரியாதையான நாலு வரி. பேசியவர் கையில் அமைதியாகக் கொடுப்பார். மேடை இல்லை, விளக்கு இல்லை. சாதி தெரியாமல் நம்மிடம் சாதிப்பேச்சு பேசுகிறவர்களை எதிர்கொண்ட யாருக்கும் அந்த அட்டையின் கூர்மை புரியும்.

இன்னொன்று, 1992. கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்ததன் 500ஆவது ஆண்டு விழா. கோகோ ஃபுஸ்கோ, கியெர்மோ கோமெஸ்-பென்யா என்ற இரு கலைஞர்கள் ஒரு கூண்டுக்குள் தங்களை அடைத்துக்கொண்டார்கள். யாரும் இதுவரை கண்டுபிடிக்காத தீவிலிருந்து வந்த பழங்குடிகள் என்று அறிவிப்பு. கூண்டுக்குள் தொலைக்காட்சி, மடிக்கணினி, கறுப்புக் கண்ணாடி. காசு கொடுத்தால் ஆடிக்காட்டுவார்கள். மாட்ரிட், லண்டன், வாஷிங்டன் என்று ஊர் ஊராகக் கூண்டு போனது. கிண்டல் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தார்கள். கணிசமானவர்கள் உண்மை என்றே நம்பிவிட்டார்கள்.

நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் சாரா பார்ட்மன் என்ற பெண்ணை 1810இல் லண்டனுக்குக் கொண்டுவந்து அவருடைய உடலமைப்பைக் காட்டிக் காசு பார்த்தார்கள். 1815இல் பாரிஸில் இறந்த பிறகும் விடவில்லை. அவர் எலும்புக்கூடும் உடலின் வார்ப்பும் 1970கள் வரை அங்கே அருங்காட்சியகத்தில் பார்வைக்கு இருந்தன. உடல் எச்சங்கள் ஊர் திரும்பியது 2002இல். கூண்டுக்குள் இருப்பவரை வேடிக்கை பார்ப்பது ஐரோப்பாவுக்குப் பழகிய பொழுதுபோக்கு.

ஒரே காரியத்தை வேற ஆளு செஞ்சா அர்த்தம் மாறுமா?

மாறும். இந்தக் கலையில் எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். 'கட் பீஸ்' செய்கிறவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று ஓனோ விதி வைக்கவில்லை, ஆண்களும் செய்திருக்கிறார்கள். ஆண் உட்கார்ந்தால் கத்தரி வேறு மாதிரிதான் நகரும். ஓனோவே 2003இல், 70 வயதில், பாரிஸில் மறுபடி செய்தார். சமாதானத்துக்காக என்று சொன்னார். உடை வெட்டுவதற்கான அறிவுறுத்தல் அதேதான். ஆனால் 1965இல் நியூயார்க்கில் உட்கார்ந்திருந்தவர், ஹிரோஷிமா நடந்து இருபது ஆண்டுகள்கூட முழுதாக ஆகாத நேரத்தில் அமெரிக்கர்கள் முன்னால் உட்கார்ந்த முப்பத்திரண்டு வயது ஜப்பானியப் பெண். 2003இல் உட்கார்ந்தவர் உலகமே அறிந்த மூதாட்டி.

ருமானா ஹுசைனை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியம் வரைந்துகொண்டிருந்தவர். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிப்பும் அதைத் தொடர்ந்த பம்பாய்க் கலவரமும் அவரைத் தன் உடம்பை நோக்கித் திருப்பின. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை அதுவரை பெரிதாக நினைத்திராதவர்; ஊர் நினைவூட்டிவிட்டது. 1995இல் மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையமான என்.சி.பி.ஏ. வளாகத்தில் இரண்டாக வெட்டிய பப்பாளியைக் கையில் ஏந்தி, வாயை அகலத் திறந்து, சத்தமே வராத ஓலத்தோடு நடந்தார். அதையே நான் நடந்து காட்டினால் நல்ல நகல், அவ்வளவுதான்.

பேருந்தில் ஏறினாலே எல்லாக் கண்ணும் மொய்க்கிற திருநங்கைக்கு, பார்க்கப்படுவது புதிதல்ல. சென்னையில் லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் சேர்ந்து தொடங்கிய பன்மை குழு தங்கள் வாழ்க்கையைத் தாங்களே மேடையில் சொன்னபோது, அது நாடகம் என்ற கணக்கில் வந்தாலும், பார்க்கும் உரிமை யாருக்கு என்ற கணக்கை மாற்றியது. இத்தனை நாள் சினிமாவில் அவர்களை ஆண்கள் நடித்துக் காட்டிய லட்சணம் நமக்குத் தெரியும்.

துணியைக் கழட்டினாத்தான் எதிர்ப்பா?

இல்லை. கவன ஈர்ப்புக்காக மட்டும் கழற்றியவர்கள் நிறையப் பேர், அந்த அலுப்பு எனக்கும் உண்டு. இதுவரை பார்த்ததிலேயே ஷியே, பைப்பர், ஹுசைன் எல்லாரும் உடுத்தியிருந்தவர்கள். 2015 ஏப்ரலில் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் பிரிட்டிஷ் காலனியாதிக்கவாதி சிசில் ரோட்ஸின் சிலையைக் கிரேன் தூக்கிய நாளில், செதெம்பிலே முசெசானே என்ற கலைஞர் சிறகுகளைக் கையில் கட்டிக்கொண்டு ஒரு பீடத்தின்மேல் பல மணி நேரம் நின்றார். ஜிம்பாப்வேயிலிருந்து கொள்ளை போன கற்பறவையின் உருவம் அது. பொது இடத்துச் சிலைகளில் கறுப்பினப் பெண்ணைக் காணோமே என்பது அவர் கேள்வி.

நிர்வாணத்துக்குக் காரணம் இருக்கும்போது அது தெரிந்துவிடும். உரித்துப் பார்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர்களிடமிருந்து அதைப் பறிப்பதாக இருந்தால் சரி.

அப்போ மணிப்பூர்ல அம்மாக்கள் செஞ்சது பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்டா?

இல்லை, அப்படிச் சொல்லவும் கூடாது என்பது என் கருத்து. 2004 ஜூலை 11 அன்று, அசாம் ரைஃபிள்ஸ் என்ற துணை ராணுவப் படை பிடித்துப்போன தங்ஜம் மனோரமாவின் உடல் குண்டுக் காயங்களோடு கிடந்தது. நான்கு நாள் கழித்து 12 பெண்கள், பலர் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள், இம்பாலில் கங்லா கோட்டை வாசலில் உடைகளைக் களைந்து நின்று, 'எங்களையும் வல்லுறவு செய்யுங்கள்' என்று ராணுவத்தைப் பார்த்துக் கத்தினார்கள். அது போராட்டம். கலை என்று பெயர் வைத்தால் நாம் சௌகரியமாக உட்கார்ந்து ரசிக்கத் தொடங்கிவிடுவோம்.

அதே இம்பாலில் 2000இல் கன்ஹைலால் இயக்கிய 'திரௌபதி' நாடகத்தில், ராணுவத்தினரால் சிதைக்கப்பட்ட பெண்ணாக வந்த ஹெய்ஸ்னம் சாபித்ரி, கடைசிக் காட்சியில் ஆடையைக் களைந்து அதிகாரியை நோக்கி நடந்தார். அப்போது மணிப்பூரில் கடும் கண்டனம். நான்கே ஆண்டில் கங்லா வாசல். நாடகத்தைப் பார்த்து அந்தப் பெண்கள் செய்தார்கள் என்று முடிச்சுப் போட வேண்டாம். ஒரே நிலத்தில் ஒரே அடி விழுந்தது, இரண்டு இடத்தில் பதில் வந்தது.

சட்டப்படி இது குத்தம் இல்லையா? புடிச்சு உள்ள வெக்க மாட்டாங்களா?

வைப்பார்கள். சிங்கப்பூரில் 1993இல் ஓரினச்சேர்க்கையாளர்களைப் போலீஸ் பொறி வைத்துப் பிடித்ததில் 12 பேர் சிக்கினார்கள். சிலருக்குப் பிரம்படியும் விழுந்தது. அதைக் கண்டித்து அந்த ஆண்டு முடியும் இரவில், ஜோசஃப் இங் என்ற இளைஞர் சோயாவிலிருந்து செய்யும் டோஃபு கட்டிகளைப் பிரம்பால் அடித்தார். வைத்திருந்த சிவப்புச் சாயம் தெறித்தது. பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தரங்க முடியைக் கொஞ்சம் கத்தரித்தார். பத்திரிகை அதைப் பெரிதாக்கியது. 1,000 சிங்கப்பூர் டாலர் அபராதம், மேடையேறத் தடை. கூடவே எழுத்துப்பிரதி இல்லாத இந்தக் கலைக்கே சுமார் பத்து ஆண்டு அரசு நிதி கிடையாது என்றாகிவிட்டது. ஒருவர் முதுகைக் காட்டியதற்கு ஒரு கலையே பட்டினி கிடந்தது.

இங்கே பொது இடத்தில் ஆபாசம் என்று இ.பி.கோ. 294 இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. கேரளத்தில் ரெஹானா பாத்திமா 2020இல் தன் மேலுடலில் தன் பிள்ளைகள் ஓவியம் தீட்டும் வீடியோவை வெளியிட்டதற்கு போக்சோ உட்பட வழக்குகள் பாய்ந்தன. 2023 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நிர்வாணமும் ஆபாசமும் ஒன்றல்ல, திருச்சூர்ப் புலிக்களியில் ஆண்களின் வெற்றுடம்பில் வண்ணம் பூசுவதை ஏற்கிறோமே என்று தீர்ப்பு கேட்டது. ஆள் மாறினால் அர்த்தம் மாறும் என்று முன்பு சொன்னதை நீதிமன்றமும் வேறு வழியில் வந்து தொட்டிருக்கிறது: செயல் ஒன்று, உடம்பு யாருடையது என்பதைப் பொறுத்து வழக்கு.

தன்னையே காயப்படுத்திக்கிறதைக் கலைன்னு எப்படி சொல்றீங்க? டாக்டர்கிட்டதானே போகணும்?

ரஷ்ய அரசுக்கும் இதே சந்தேகம் வந்தது. 2012இல் பியோத்தர் பாவ்லென்ஸ்கி வாயைத் தைத்துக்கொண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தேவாலயம் ஒன்றின் முன்னால் நின்றபோது மனநல மருத்துவரிடம்தான் அனுப்பினார்கள். அவர் தெளிவாக இருக்கிறார் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். எதிர்ப்பவரைப் பைத்தியம் என்பது பழைய உத்தி என்பதால், இந்தக் கேள்வி அரசிடமிருந்து வரும்போது ஒரு பொருள், ஒரு தாயிடமிருந்து வரும்போது வேறு பொருள்.

தாயிடமிருந்து வந்தால் கவலை நியாயமானது. காயம் பெரிதானால் கலை பெரிதாகும் என்ற மயக்கம் இந்தத் துறையில் இருக்கவே செய்கிறது. என் கூட்டங்களில் சில பதிவுகளை நான் போடுவதில்லை. மனம் நொந்திருக்கும் ஒருவர் தன்னைக் கிழித்துக்கொள்ள இதைச் சாக்காக எடுத்தால் முதலில் தேவை உதவிதான், கேமரா அல்ல.

மியூசியத்துக்குள்ள போனதும் எல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. 2010இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அப்ரமோவிச் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க, எதிரே உட்கார ஜனம் வரிசை கட்டியது. மொத்தம் 700 மணி நேரத்துக்கு மேல். மாடியில் அவருடைய பழைய வேலைகளைச் சம்பளத்துக்கு வந்த இளைஞர்கள் மறுபடி செய்தார்கள். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பணக்கார விருந்து. அவர் ஏற்பாட்டில் மேசைகளின் நடுவில் உயிருள்ள தலைகள் மெல்லச் சுழன்றன. மணிக்கணக்கில் அப்படி இருப்பவர்களுக்குக் கொடுக்கும் கூலியைக் கண்டித்து நடனக் கலைஞர் இவோன் ரெய்னர் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். 1974இல் தன் உடம்பைப் பணயம் வைத்தவர் 2011இல் பிறர் உடம்பை வாடகைக்கு எடுத்தார். நான் ரெய்னர் பக்கம்.

நானும் செஞ்சு பாக்கணும். ரத்தம் எல்லாம் வேணாம். எங்க ஆரம்பிக்கிறது?

சிங்கப்பூரின் அமாண்டா ஹெங்கிடம் ஆரம்பியுங்கள். 1999இலிருந்து அவர் செய்யும் 'லெட்ஸ் வாக்'கில், குதிகால் செருப்பை வாயில் கவ்விக்கொண்டு, கைக்கண்ணாடியில் வழி பார்த்தபடி, தெருவில் பின்னோக்கி நடப்பார்கள். வேலை போகும் பயத்தில் பெண்கள் அழகு நிலையங்களுக்கு ஓடிய பொருளாதார நெருக்கடிக் காலத்திலிருந்து வந்த யோசனை. செருப்பும் கண்ணாடியும் போதும். உங்கள் உடம்பிடம் ஊர் எதை எதிர்பார்க்கிறதோ அதை எழுதிப் பாருங்கள். அங்கிருந்து உங்களுக்கானது வரும். பக்கத்தில் ஒரு சிநேகிதி இருக்கட்டும், தெருவில் என்றால் அனுமதி கேட்டுவிடுங்கள்.

இவ்ளோ செஞ்சு ஏதாவது மாறிச்சா அக்கா?

குவாத்தமாலாவில் 1982-83இல் ஆண்ட சர்வாதிகாரி ரியோஸ் மோன்ட். மாயா இனத்து ஈஷில் மக்களைக் கொன்று குவித்த ஆட்சி. 2003இல் அவர் அதிபர் தேர்தலில் நிற்கலாம் என்று அரசியல் சாசன நீதிமன்றம் அனுமதித்தது. ரெஹினா ஹோசே கலிந்தோ என்ற கலைஞர் கறுப்பு உடையில், வெறுங்காலோடு, மனித ரத்தம் நிறைந்த ஒரு பேசினை ஏந்தி அந்த நீதிமன்றத்திலிருந்து தேசிய அரண்மனைவரை நடந்தார். காலை அதில் நனைத்து நனைத்து, வழியெல்லாம் சிவப்புச் சுவடு. அரண்மனை வாசலில் காவலர்கள் முன்னால் பேசினை வைத்துவிட்டுப் போய்விட்டார். 2005இல் வெனிஸில் இளம் கலைஞருக்கான தங்கச் சிங்க விருது பெற்றார்.

ரியோஸ் மோன்ட் அந்தத் தேர்தலில் மூன்றாவதாக வந்தார். அது ரத்தச் சுவட்டால் நடந்தது என்று சொன்னால் பொய். 2013 மே மாதம் இனப்படுகொலைக்கும் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்குமாக அவருக்கு 80 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதற்குக் காரணம் சாட்சி சொன்ன ஈஷில் பெண்கள். பத்தே நாளில் தீர்ப்பை ரத்து செய்தது, கலிந்தோ நடக்கத் தொடங்கிய அதே அரசியல் சாசன நீதிமன்றம். மறு விசாரணை முடியாமலேயே 2018இல் அவர் இறந்துபோனார்.

அந்த 2013லேயே கலிந்தோ ஒரு மேசைமுன் உட்கார்ந்து அந்தப் பெண்களின் சாட்சியங்களை உரக்கப் படித்தார். இடையிடையே ஒரு பல் மருத்துவர் வந்து அவர் வாயில் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார். நாக்கு தடித்தது, சொற்கள் குழறின, அவர் படிப்பதை நிறுத்தவில்லை. மாறிச்சா என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்தப் பதிவைத்தான் போடுவேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், பாதியில் எழுந்து போகாமல் பாருங்கள்.